சட்டியில் உப்புப் போடமுன்: ஆறு மாதப் பிள்ளைக்குச் சோறு தீத்தத் தொடங்குதல்

பிறந்து 180 நாள் நிறைந்ததும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. தாய்ப்பாலின் தரம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீர்ந்துபோகிறது. பாலில் இருக்கிற இரும்போ மிகக் கொஞ்சம். அதனால் பாலை நிறுத்தாமல் அதோடு சோறு, பருப்பு, மீன், கீரை எல்லாம் சேர வேண்டும். பால் இரண்டு வயதுக்கும் அதற்கு மேலும் தொடரலாம்.

இதற்கென்று தனிச் சமையல் வேண்டாம், பெட்டியில் வரும் மாவும் வேண்டாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அன்றாடம் அடுப்பில் ஏறுகிற சோறு, பருப்பு, பூசணி, முருங்கையிலை, மீன் என்பவையே பிள்ளைக்கும் போதும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: உப்பும் தூளும் போடமுன் பிள்ளையின் பங்கைச் சட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் தேவையில்லை. நமக்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்குச் சப்பென்று இராது.

தொடங்கும் நாள்

தலை ஆடாமல் நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது கையை நீட்ட வேண்டும், கரண்டியை வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளக் கூடாது. இவை எல்லாம் ஆறு மாதமளவில் ஒன்றாக வரும். கோயிலில் சோறு தீத்த நாள் பார்க்கிறவர்கள் 180 நாளுக்குப் பிறகு வரும் நல்ல நாளைக் கேளுங்கள். ஆறாம் மாதத் தடுப்பூசியும் இதே நேரத்தில்தான் வரும். ஊசி போட்ட அன்றே தொடங்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுத் தொடங்குங்கள். ஊசிக் காய்ச்சலில் பிள்ளை சிணுங்கினால் பழி சோற்றில் விழும், பிறகு வீட்டில் எல்லோரும் சோற்றை நிறுத்தச் சொல்வார்கள்.

முதல் வேளை காலை பத்துமணியளவில் இருக்கட்டும். ஏதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரியவரும். பால் குடித்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். பசியில் கத்துகிற பிள்ளைக்குக் கரண்டி பிடிக்காது, வயிறு நிறைந்த பிள்ளை வாய் திறக்காது.

முதல் சோறு

நன்றாகக் குழைந்த சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, சுத்தமான கிண்ணத்தில் கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். இறுக்கமாக இருந்தால் பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலை அல்லது கொதித்தாறிய தண்ணீரைத் துளித்துளியாகச் சேருங்கள். பிளெண்டரில் அடிக்க வேண்டாம். மாவு மாதிரி வழுவழுப்பானதையே மாதக்கணக்கில் தின்று பழகிய பிள்ளை ஒன்பது மாதத்தில் ஒரு பருக்கை பட்டாலும் ஓங்காளிக்கும்.

எவ்வளவு கட்டியாக இருக்க வேண்டும் என்பதுதான் அதிகம் பிழைக்கிற இடம். கரண்டியில் அள்ளி மெல்லச் சரித்துப் பாருங்கள். உணவு கரண்டியிலேயே நிற்க வேண்டும். வழிந்து ஓடினால் அது கஞ்சித் தண்ணி. ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு தடவையில் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அதைத் தண்ணியால் நிரப்பினால் பிள்ளை வயிறு முட்டிப் படுக்கும், நிறையோ ஏறாது. "நல்லாச் சாப்பிடுது, ஆனா மெலியுது" என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லப்படும் முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அளவு இப்படி ஏறட்டும். முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி, ஒரு வேளை மட்டும். இரண்டாம் கிழமையில் இரண்டு வேளை. ஏழு மாதம் முடியும்போது மூன்று வேளை, ஒவ்வொன்றும் நாலைந்து மேசைக்கரண்டி. எட்டு மாதமளவில் 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைவாசி. இடையில் பால் கேட்டபோதெல்லாம்.

மூன்று நாள் சோறு மட்டும் கொடுத்த பிறகு மைசூர்ப் பருப்பைச் சேருங்கள், அடுத்துப் பூசணி, வத்தாளங்கிழங்கு, கரட் என ஒவ்வொன்றாக. தனியாக ஆக்குவதானால் அளவு இது: இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பருப்பு, நெருப்புப்பெட்டி அளவில் ஒரு துண்டுப் பூசணி, இரண்டு தேநீர்க் கோப்பைத் தண்ணீர். மூடி, சிறு நெருப்பில் முப்பது நாற்பது நிமிடம் வைத்தால் எல்லாம் குழையும். நரம்பில்லாமல் உருவிய முருங்கையிலை ஒரு பிடியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டு, இறக்கமுன் ஒரு மேசைக்கரண்டி தடித்த தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வரவிடுங்கள். தேங்காய்ப்பால் இல்லாத நாளில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நெய். கொழுப்பு சேர்ந்தால்தான் சின்ன வயிற்றுக்குள் போதிய சக்தி போகும். கீரையின் இரும்பை உடம்பு நன்றாக உறிஞ்ச, சோற்றின்மேல் இரண்டு துளி தேசிக்காய்ச்சாறு, அல்லது சாப்பிட்டபின் கொஞ்சம் பப்பாப்பழம்.

மீன்

சோறு தொடங்கி இரண்டு கிழமைக்குள் மீனும் முட்டையும் வந்துவிடலாம். "பல்லு வரட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். கீரையிலுள்ள இரும்பைவிட மீன், இறைச்சி, ஈரலிலுள்ள இரும்பை உடம்பு இலகுவாக எடுக்கும். முட்டை வெள்ளையும் மஞ்சளும் இறுக அவிந்திருக்க வேண்டும். கோழி ஈரல் கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மேசைக்கரண்டி போதும். அதில் விற்றமின் ஏ மிக அதிகம், கூடக் கொடுக்கக் கூடாது.

தடித்த சதையுள்ள பாரை, விரால், சூரை நல்லவை. பெரிய சுறாவைத் தவிருங்கள், அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். சூரை அன்றைய மீனாக, ஐஸில் இருந்ததாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் நஞ்சு எவ்வளவு அவித்தாலும் போகாது. கருவாடு வேண்டாம், உப்பு மிக அதிகம்.

மஞ்சள் போட்டு, உப்பில்லாமல் அவித்த துண்டை ஆறவிட்டு வெள்ளைத் தட்டத்தில் வையுங்கள். நடுமுள்ளை உருவியபின் சதையைச் சிறு சிறு பூவாக உதிர்த்து, ஒவ்வொன்றையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெதுவாக உருட்டி நசியுங்கள். கண்ணுக்குத் தப்பும் மயிர்போன்ற முள் விரல் நுனியில் குத்தும். பிறகு தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி இன்னொரு தடவை விரலோட்டுங்கள். இரண்டு தரம் பார்த்த மீனைத்தான் சோற்றோடு பிசைய வேண்டும். வெளிச்சம் குறைந்த இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டாம், பருப்பும் முட்டையும் போதும்.

மீன், முட்டை, றால், கச்சான் (நிலக்கடலை) என்பவற்றைப் புதிதாகக் கொடுக்கும்போது பகலில், அரைத் தேக்கரண்டியாக, ஒரு தடவைக்கு ஒன்றாக. கச்சானை விழுதாக அரைத்து மட்டும் கொடுங்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் 1990 இற்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் பெரியவர்கள்

தேன் தொட்டு வைப்பது, ஓமத் தண்ணி, பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது எல்லாம் அன்பில் வருகிறவை. ஆனாலும் ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. தேத்தண்ணி, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது. "உம்மம்மா, தேனை மறுகா குடுப்பம், ஒரு வயசு முடியட்டும். இப்ப இந்தப் பப்பாப்பழத்த நீங்க தீத்திவிடுங்க" என்று கையில் கிண்ணத்தைக் கொடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மனம் நோகும், வேறு வேலை தந்தால் நோகாது.

மல்லாக்கப் படுக்க வைத்தும், அழும்போதும், மூக்கைப் பொத்தியும் தீத்தக் கூடாது. பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, முகத்துக்கு நேரே இருந்து, கரண்டியைக் கீழுதட்டில் தொட்டுக் காத்திருங்கள். வாய் தானாகத் திறக்கும். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்கப் பத்துத் தடவை கூடத் தேவைப்படும், முதல் நாள் துப்பியதைப் பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

ஓங்காளிப்பும் அடைப்பும்

ஓங்காளிக்கும் பிள்ளை முகம் சிவந்து, இருமி, சத்தம் போடும். அது பழகுகிற பாடு, வாய்க்குள் கையை விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். மூச்சு அடைபட்ட பிள்ளையிடம் சத்தமே வராது. அழ முடியாது, உதடு நீலம் பாயும். உடனே பிள்ளையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தாடையை விரல்களால் தாங்கி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கச் செய்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்து. வரும்வரை இவ்விரண்டையும் மாறிமாறிச் செய்யுங்கள், அருகில் நிற்பவர் 1990 இற்கு அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். பிள்ளை நினைவிழந்தால் நெஞ்சழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். இதை மருத்துவமாதுவிடம் ஒரு தடவை நேரில் கேட்டுச் செய்து பழகிக்கொள்வது மிக நல்லது.

பல் முளைக்கும் அரிப்புக்குத் தேங்காய்ச் சொட்டைக் கையில் கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அது வேண்டாம், விளிம்பு ஒடிந்து தொண்டையில் நிற்கும். முழுக் கச்சான், முழுக் கடலை, கொட்டையோடு நாவற்பழம், பாலைப்பழம் எதுவும் எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது. பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கில் தலையில் கொட்டுகிற கொழுக்கட்டையில் ஒன்று வாய்க்குப் போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். தேங்காய்ச் சொட்டுப் போட்டது என்றால் இன்னும் கவனம்.

வெயிலும் வெள்ளமும்

கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. பிள்ளையின் எச்சில் பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. மாரியில் வெள்ளம் வந்து வடிந்தபின் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் மலக்கிருமி கலந்திருக்கும். தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் இன்னும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். தண்ணீரைப் போத்தலில் கொடுக்காமல் சின்னக் கோப்பையில் சாப்பாட்டோடு இரண்டு மூன்று மிடறு கொடுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போனபிறகும் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மிச்சம் 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ஆகாது. ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகவில்லை, உச்சி குழிந்திருக்கிறது, அழுதும் கண்ணீர் இல்லை, மலத்தில் இரத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்கு.

ஒன்பது மாதத்திலிருந்து

மசித்தது போய் விரலால் நசித்தது வரட்டும், பிறகு சிறு துண்டுகள். அவித்த கரட் துண்டு, கதலிப்பழம், பிட்டில் பால் விட்டுக் குழைத்தது, புளிப்பேறாத எருமைத் தயிர் ஆகியவற்றைப் பிள்ளையே எடுத்து உண்ணக் கொடுங்கள். மூன்று வேளையோடு இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவு. பசுப்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு.

மாதாமாதம் கிளினிக்கில் நிறுத்து, பதிவேட்டில் கோடு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஒரு மாதம் நிறை ஏறுவது சற்றுக் குறைந்தால் பெரிதல்ல, இரண்டு மாதம் கோடு மட்டமாக நின்றால் அன்றே காரணம் தேட வேண்டும். ஒரு வயதில் பிள்ளை முக்கால் கோப்பைச் சோறு உண்ணும். அப்போது வீட்டுப் பாயில் எல்லோரோடும் இருத்தி, அதற்கென்று ஒரு தட்டம் வையுங்கள். காரத்தை மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் தள்ளி வையுங்கள்.