பத்தாம் வகுப்பு இயற்பியல் சூத்திரங்களைக் கற்பதும் கணக்கில் கையாள்வதும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. எழுத்துத் தேர்வில் பல மாணவர்கள் தயங்கி ஒதுக்கிவிடும் பகுதி இயற்பியல் கணக்குகள். சூத்திரங்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் இயக்க விதிகள் தொடங்கி ஒலியியல் வரை உள்ள சூத்திரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பவை என்பது தெரியும். எனவே மனப்பாடம் செய்யத் தொடங்குமுன், எந்தச் சூத்திரம் மூலம், எது அதன் வழி வந்தது என்று பிரித்துக்கொள்வது முதல் வேலை.

இயக்க விதிகளையே எடுத்துக்கொள்வோம். விசை = நிறை × முடுக்கம் என்பதையும், கணத்தாக்கு = விசை × காலம் என்பதையும், கணத்தாக்கு உந்த மாற்றத்துக்குச் சமம் என்பதையும் மூன்று தனித்தனிச் செய்திகளாகப் படிப்பவர்கள் உண்டு. உந்தம் மாறும் வீதமே விசை என்ற ஒரே கூற்றில் இம்மூன்றும் அடங்கிவிடுகின்றன. 150 கிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதைப் பிடிக்கும் வீரர் கைகளைப் பின்னிழுத்து 0.1 வினாடியில் நிறுத்துகிறார் என்று கொள்வோம். பந்தின் உந்தம் 0.15 × 20 = 3 கிகி மீ/வி; அது சுழியாவதற்கு 0.1 வினாடி ஆவதால் கையில் படும் சராசரி விசை 30 நியூட்டன். கையைப் பின்னிழுக்காமல் 0.02 வினாடியில் நிறுத்தினால் அதே பந்து 150 நியூட்டன் விசையைத் தரும். இந்த ஒரு கணக்கைத் தாமே செய்து பார்த்த மாணவருக்கு, காலம் குறைந்தால் விசை கூடும் என்பதைத் தனியே மனப்பாடம் செய்யும் தேவை இராது.

இக்கணக்கில் 150 கிராம் முதல் வரியிலேயே 0.15 கிலோகிராம் ஆகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறிப்போவதற்கு அலகு மாற்றம் விடுபடுவதே பெரும்பாலும் காரணம். ஆகவே வினாவைப் படித்தவுடன் கொடுக்கப்பட்ட அளவுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் அங்கேயே எஸ்.ஐ. அலகுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகே சூத்திரத்தை எழுதும் பழக்கம் வேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் 5/18 ஆல் பெருக்கி வினாடிக்கு 20 மீட்டர், 20 செ.மீ. குவியத் தொலைவு கொண்ட லென்சின் திறன் கேட்டால் முதலில் 0.2 மீட்டர், பிறகு அதன் தலைகீழி 5 டயாப்டர். தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாததால், பின்னங்களைக் கடைசி வரி வரை பின்னமாகவே வைத்துச் சுருக்குவது நேரத்தையும் பிழையையும் குறைக்கும்.

லென்சுக் கணக்குகளில் அலகைவிடக் குறிதான் மாணவர்களை அதிகம் சறுக்கவைக்கிறது. 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சின் முன் 30 செ.மீ. தொலைவில் பொருள் உள்ளது. ஒளி செல்லும் திசைக்கு எதிராக அளக்கும் தொலைவுக்கு எதிர்க்குறி இடும் கார்ட்டீசியன் குறியீட்டு மரபுப்படி பொருளின் தொலைவு −30. 1/குவியத் தொலைவு = 1/பிம்பத் தொலைவு − 1/பொருளின் தொலைவு என்ற சூத்திரத்தில் இட்டால் பிம்பத் தொலைவின் தலைகீழி 1/20 − 1/30 = 1/60; எனவே பிம்பம் 60 செ.மீ. தொலைவில் விழுகிறது. உருப்பெருக்கம் 60/(−30) = −2, அதாவது பிம்பம் தலைகீழாகவும் பொருளைப் போல் இரு மடங்கு உயரமாகவும் இருக்கும். எதிர்க்குறியை மறந்தவருக்கோ 1/20 + 1/30 என்று வந்து, பிம்பத் தொலைவு 12 செ.மீ. என்று முடியும். குவிலென்சு உண்மைப் பொருளுக்குத் தரும் மெய்ப்பிம்பம் ஒருபோதும் குவியத் தொலைவுக்குள் விழாது என்பது தெரிந்திருந்தால், 12 என்ற எண்ணைக் கண்டவுடனேயே தவறு புரிந்துவிடும். கதிர்ப்படம் வரைந்து பழகாமல் லென்சுச் சூத்திரத்தை மட்டும் படிப்பது போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விடையைச் சரிபார்க்கும் இத்தகைய வழி ஒவ்வொரு பாடத்திலும் உண்டு. 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் மின்தடையின் தலைகீழி 1/6 + 1/3 = 1/2 ஆகும். அவசரத்தில் பலர் இந்த 1/2 ஐயே விடையாக எழுதிவிடுகிறார்கள். தலைகீழாக்கினால் வரும் 2 ஓம்தான் விடை. பக்க இணைப்பின் தொகுபயன், இணைத்தவற்றுள் மிகச் சிறிய மின்தடையைவிடவும் குறைவாகவே இருக்கும் என்பது முதல் சோதனை. இதனோடு 9 வோல்ட் மின்கலத்தொகுப்பை இணைத்தால் கிளைகளில் 1.5 ஆம்பியரும் 3 ஆம்பியரும் பாயும். அவற்றின் கூடுதலான 4.5 ஆம்பியரும், 9 ஐ 2 ஆல் வகுத்தால் வரும் மொத்த மின்னோட்டமும் ஒத்துப்போவது இரண்டாவது சோதனை.

மூன்று அளவுகளை ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடை காணும் முறையைச் சிலர் கற்றுத் தருகிறார்கள். ஓம் விதிக்கு அது உதவும். லென்சுச் சூத்திரத்துக்கோ இயக்கச் சமன்பாடுகளுக்கோ உதவாது. கணிதப் பாடத்தில் கற்ற முறையிலேயே சமன்பாட்டின் இருபுறத்தையும் வகுத்தும் பெருக்கியும் வேண்டிய அளவைத் தனியே பிரிக்கப் பழகுவது எல்லாவற்றுக்கும் பயன்படும்.

ஒலி மூலமோ கேட்குநரோ நகரும்போது கேட்கும் அதிர்வெண் மாறுவதே டாப்ளர் விளைவு. அதற்கு ஒலி மூலமும் கேட்குநரும் நகரும் நிலைக்கேற்பப் பல சூத்திரங்கள் பாடநூலில் அட்டவணையாக உள்ளன. அவற்றைத் தனித்தனியே உருப்போடத் தேவையில்லை. ஒலியின் திசைவேகத்தோடு சேரும் கேட்குநரின் திசைவேகம் தொகுதியிலும், ஒலி மூலத்தின் திசைவேகம் பகுதியிலும் வரும். இருவரும் நெருங்கினால் அதிர்வெண் கூட வேண்டும், ஆகவே தொகுதியில் கூட்டல் குறி, பகுதியில் கழித்தல் குறி. யார் விலகிச் செல்கிறாரோ அவருடைய குறி மாறும். நிலையாக இருப்பவரின் திசைவேகம் சுழி. அட்டவணை முழுவதையும் இதிலிருந்து நீங்களே எழுதிவிடலாம். லிப்டில் தோற்ற எடை மாறும் கணக்குகளையும் இதே வகையில் ஒரே விதியாகச் சுருக்கிக்கொள்ள முடியும்.

பயிற்சிக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். பாடத்தைப் படித்து முடித்த மறுநாள், நூலைத் திறக்காமல் அப்பாடத்தின் சூத்திரங்களையும் ஒவ்வோர் எழுத்தும் குறிக்கும் அளவையும் அதன் அலகையும் எழுதிப் பாருங்கள். விடுபட்டவற்றை வேறு மையில் நிரப்பி, ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுதுங்கள். பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதுவதைவிட, பாராமல் ஒருமுறை எழுதித் தடுமாறுவது நினைவில் நன்றாகப் பதியும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேர்வறையில் ஒரு சூத்திரம் மறந்துபோகலாம். அப்போது அலகைக் கொண்டு அதை மீட்க முடியும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கியதா, வகுத்ததா என்ற ஐயம் வந்தால், வோல்ட் என்பது ஜூல்/கூலூம், ஆம்பியர் என்பது கூலூம்/வினாடி என்று எழுதிப் பாருங்கள். பெருக்கினால் கூலூம் நீங்கி ஜூல்/வினாடி, அதாவது வாட் கிடைக்கும். இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு: வெறும் எண்களுக்கு அலகு இல்லாததால், இயக்க ஆற்றலில் வரும் ½ ஐயோ, எதிரொலிக் கணக்கில் ஒலி போய்த் திரும்பும் தொலைவுக்காக 2 ஆல் வகுப்பதையோ அலகு நினைவூட்டாது. அப்படி எண் கலந்த சூத்திரங்களை மட்டும் ஒரு தனிப் பக்கத்தில் தொகுத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து, தேர்வுக்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.