இருமலே இல்லையே, அப்புறம் எப்படி டிபி?

இரண்டு மாதமாகத் தாத்தா இளைத்துக்கொண்டே வருகிறார். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை, மேலே பெல்ட் போட வேண்டியிருக்கிறது. ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், சில நாள் அதுவும் இருக்காது. "வயசாச்சுல்ல" என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது. முதல் தவறு அதுதான். வயது எடையைக் குறைக்கும்தான், ஆனால் இரண்டே மாதத்தில் ஐந்தாறு கிலோவைக் கரைக்காது.

காசநோய்க் கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, மூளை உறை என்று பல இடங்களுக்குப் போய்விடுவதைப் பரவிய காசநோய் என்கிறார்கள். உறுப்புகளில் தினை இறைத்தாற்போல் புள்ளி புள்ளியாகக் கிடந்தால் அது மிலியரி டிபி. முதியவர்களிடம் இருமல், சளி என்று அடையாளம் காட்டிக்கொண்டு வராமலும் போகலாம். வெறும் சோர்வு, ரத்தசோகை, திடீரென்று தடுமாறும் பேச்சு, அவ்வளவுதான். எல்லோரும் புற்றுநோயைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த தவறு, சோதனை முடிவில் 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பிக் கோப்பை மூடுவது. சளியே வராதவரிடம் துப்பச் சொன்னால் எச்சில்தான் வரும், அதில் கிருமி எங்கே தெரியும்? உடலின் எதிர்ப்பு சக்தி தளர்ந்தவருக்கு காசநோய்த் தொற்றைக் கண்டறியத் தோலில் போடும் மான்டூ ஊசி போட்ட இடம் தடிக்காமலே இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம், அதே நெஞ்சை நுண்ணிய சிடி ஸ்கேனில் பார்த்தால் புள்ளிகள் தெரியக்கூடும். சந்தேகம் விடாவிட்டால் மஜ்ஜை, கல்லீரல், நிணநீர்க்கட்டி என்று திசு எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். இந்தப் புள்ளிகள் கண்ணின் உட்புறத்திலும் தெரியலாம்; அதைப் பார்க்கச் சொல்வதில் செலவும் குறைவு, வலியும் இல்லை. ஏனோ பலருக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

காய்ச்சலுக்கு லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதும் சிக்கல். அது டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். பத்து நாள் தெளிவாக இருப்பார், பிறகு பழைய கதை. அதற்குள் சோதனை முடிவும் குழம்பியிருக்கும்.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து இன்னும் ஆபத்து. அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு ரத்த அணுக்கள் குறைந்தபோது மஜ்ஜைக் கோளாறு என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பல பத்தாண்டுகளாக உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது. மஜ்ஜையை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி வளர்ந்து முடிவு வந்தபோது 1962 அக்டோபர் கடைசி. நவம்பர் 7 அன்று, 78 வயதில் இறந்தார். அந்தக் கிருமி முக்கிய மருந்துகளுக்கு அடங்காத ரகமாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கே, நல்ல மருத்துவர்கள் சுற்றி நின்றும், இப்படி.

அதனால் டாக்டரிடம் போகும்போது ஒன்று செய்யுங்கள். இளவயதில் நெஞ்சில் நீர் கோத்ததா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ என்ன மாத்திரை போகிறது என்று தாத்தாவிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவராகச் சொல்ல மாட்டார். டிபி என்ற பேச்சை எடுக்கவே அந்தத் தலைமுறைக்குக் கூச்சம்.