முதுகுக்குப் பின்னால் ஒரு டியூப்லைட்

நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் சமையலறை டியூப்லைட் பெரும்பாலும் மேடைக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும். மேடையில் நின்று வெண்டைக்காய் நறுக்கினால் நம் தலையும் தோளும் வெளிச்சத்தை மறைத்துவிடும். அறை முழுக்கப் பளிச்சென்று இருக்க, கத்தி ஓடும் இடம் மட்டும் இருட்டாக இருக்கும்.

உடனே எல்லோரும் செய்வது, 20 வாட்டைக் கழற்றிவிட்டு 36 வாட் மாட்டுவது. நிழல் அதே இடத்தில்தான் விழும். கண் கூசுவதுதான் மிச்சம். நாங்களும் அப்படிக் காசைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் மேடைக்கு மேலுள்ள கப்போர்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 5 வாட் எல்இடி பட்டை ஒன்றைப் பொருத்தினோம். அரிசியில் கல் பொறுக்க முறத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவது அன்றோடு நின்றது. விளக்கு கைக்குப் பக்கத்தில் வந்தாலே பாதி வேலை முடிந்தது: சின்ன பல்புக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

கடையில் வாட்டை மட்டும் கேட்டு வாங்குவது இன்னொரு தவறு. வாட் என்பது கரன்ட் செலவு. வெளிச்சத்தின் அளவு லூமென். அது பெட்டியிலேயே போட்டிருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்றைய 9 வாட் எல்இடி கொடுத்துவிடும்.

ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் விளக்குகள் மட்டும் போடுவதும் வழக்கமாகிவிட்டது. விருந்தாளி வந்தால் அழகுதான். அதன் கீழே பட்டன் தைக்க உட்கார்ந்து பாருங்கள், கருநீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. தையலுக்கும் படிப்புக்கும் 4000 கெல்வின் விளக்கு, அதாவது மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை விளக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ (CRI); அது 90 என்று போட்டிருந்தால் நிறம் ஏமாற்றாது.

“எனக்கு நல்லாத்தானே தெரியுது” என்று அம்மாவிடம் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காத தவறு. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மாத்திரை அட்டையில் தேதி பார்க்க அவர் ஜன்னலோரம் போகிறார் என்றால், மருந்து டப்பா இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும்.

சரி, எதையும் வாங்குவதற்கு முன், சுவிட்சை அணைத்துவிட்டு, சமையலறை டியூப்லைட்டை ஈரம் போகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். தாளிப்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும்.