ரீபோர் செய்த டூ-ஸ்ட்ரோக்கில் கம்ப்ரெஷன் இல்லையா? மறுபடி இறக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

புது பிஸ்டன், புது ரிங், லேத்தில் ரீபோர் செய்த, அதாவது உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கிய சிலிண்டர். எல்லாம் மாட்டி கடைசி நட்டையும் இறுக்கியாகிவிட்டது. கிக்கரை மிதித்தால் கால் தடையே இல்லாமல் கீழே போகிறது. வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. எப்போதாவது ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்பதில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? அன்றைக்கே ஹெட்டைக் கழற்றி, பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய் இன்னொரு செட் ரிங் வாங்கி வருகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு கேஸ்கெட்.

அப்படிச் செய்ய வேண்டாம். கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், போகக்கூடிய வழிகள் கொஞ்சம்தான். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்துக்கொண்டே போனால், எதைக் கழற்ற வேண்டும் என்பது கழற்றும் முன்பே தெரிந்துவிடும். உதாரணத்துக்கு யமஹா ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1996-ல் உற்பத்தி நின்றும் பெங்களூரில் இன்னும் ஓடுகிற வண்டி. 98 சிசி, 50 மி.மீ. போர், 50 மி.மீ. ஸ்ட்ரோக். மைசூரில் செய்த எஸ்டியானாலும் ஓசூரில் செய்த டிவிஎஸ் 50 ஆனாலும் முறை இதேதான், அளவுகள்தான் மாறும்.

முதலில் கேஜைச் சோதியுங்கள்

கம்ப்ரெஷன் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது, கம்ப்ரெஷன் அறவே இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும். 80 பிஎஸ்ஐக்கும் (அழுத்தத்தின் அளவு) 110 பிஎஸ்ஐக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

கேஜ் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, காற்றைத் திரும்ப விடாத குட்டி வால்வு எங்கே இருக்கிறது என்பது. பிளக் ஓட்டையில் திருகும் நுனியிலேயே அது இருக்க வேண்டும். கார்களுக்கான சில கேஜ்களில் வால்வு ஹோஸின் மறுமுனையில் இருக்கும். 98 சிசி இன்ஜினில் ஹெட்டுக்கு அடியில் உள்ள இடமே மிகச் சிறியது. அதோடு ஒரு நீள ஹோஸின் இடமும் சேர்ந்தால், நல்ல இன்ஜினும் மோசமான ரீடிங் காட்டும். இரண்டு, திரெட்டின் நீளம். இந்த வண்டிகளில் பிளக் திரெட் 14 மி.மீ. விட்டம், அரை அங்குல நீளம். அதைவிட நீளமான அடாப்டரைத் திருகினால் பிஸ்டன் தலையில் போய் இடிக்கும்.

அளக்கும் முறை

பிளக்கைக் கழற்றி, அதைக் கேப்போடு ஹெட்டின் உலோகத்தில் தொடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐ யூனிட் கெட்டுப்போக வாய்ப்புண்டு. பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கேஜைக் கையால் திருகுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் இனி ஏறாது என்கிற வரை மிதியுங்கள். ஐந்தாறு மிதியில் அது நின்றுவிடும். ஆக்சிலரேட்டர் மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, ரீடிங் குறையும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

மிதிக்கும்போது மேக்னெட் கவரைக் கழற்றி வைத்து, உள்ளே இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ரோட்டர் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். கிக்கர் கியர் தேய்ந்து வழுக்கினால் கால் சும்மா இறங்கும், ரோட்டர் நிற்கும். அது கம்ப்ரெஷன் பிரச்சினையே இல்லை.

டீகம்ப்ரெஸ்ஸர் (கம்ப்ரெஷனை வெளியே விடும் சின்ன வால்வு) உள்ள மொபெட் என்றால் அதன் கேபிள் சற்றே இழுபட்டு, வால்வு முழுதாக மூடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, எவ்வளவு வர வேண்டும்? இந்த அளவு ஏர்-கூல்டு டூ-ஸ்ட்ரோக்குக்குப் பொதுவாக 110 முதல் 130 பிஎஸ்ஐ நல்ல ரீடிங். 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆகவே தடுமாறும். ஆனால் இது கடல் மட்டக் கணக்கு. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கேஜ் ரீடிங்கும் அதே விகிதத்தில் குறையும். சென்னையில் 120 காட்டும் இன்ஜின் இங்கே 108 காட்டினால் அதில் ஒரு குறையும் இல்லை. சென்னை நண்பர் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு இங்கே நல்ல சிலிண்டரைக் கழற்றாதீர்கள்.

ஒரு மில்லி ஆயில்

ரீடிங் உண்மையிலேயே குறைவு என்றால் அடுத்தது ஆயில் சோதனை. பிளக் ஓட்டை வழியாக 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு மறுபடி அளப்பது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆயில் கொஞ்ச நேரம் அடைத்துவிடும்.

‘ஒரு ஸ்பூன் விடு’ என்று பலரும் சொல்வார்கள். காருக்கு அது சரி. இந்தச் சின்ன இன்ஜினில் ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி, ஹெட்டுக்கு அடியில் உள்ள இடத்தில் கணிசமான பங்கை நிரப்பிவிடும். ரிங் நன்றாக இருந்தாலும் ரீடிங் எகிறும், தப்பான முடிவுக்கு வருவீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து, பிஸ்டன் தலையின் ஓரத்தில் போய்ப் பரவும்படி விடுங்கள். அது போதும்.

ரீடிங் 20, 30 பிஎஸ்ஐ ஏறினால் பழுது ரிங்கில் அல்லது போரில். ஏறவே இல்லை, ஓரிரண்டு பிஎஸ்ஐதான் என்றால் சிலிண்டரைத் தொடாதீர்கள், மேலே ஹெட்டைப் பாருங்கள்.

ஹெட்

ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டைச் சுற்றியும், கேஜ் திருகிய இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவி ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள். குமிழ் வரும் இடம்தான் ஒழுகும் இடம். கேஸ்கெட் பழசு என்றால் மாற்றுங்கள். புது கேஸ்கெட் போட்டும் ஒழுகினால் ஹெட் வளைந்திருக்கலாம். தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து எட்டு போடுவதுபோல் மெதுவாகத் தேயுங்கள். பளபளப்பு முழு வட்டமாக வந்தால் சமம். வராத இடம் பள்ளம். வரும்வரை தேய்க்க வேண்டும். மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

சிலிண்டரைத் தூக்கிய பிறகு

ஆயில் சோதனை ரிங்கைக் காட்டினால் இனி கழற்றத்தான் வேண்டும். கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள இன்ஜின் அறை) வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் உள்ளே விழுந்தால் வேலை மூன்று மடங்காகும்.

முதலில் ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பிஸ்டனிலிருந்து ரிங்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையாலேயே நேராக ஓர் அங்குலம் தள்ளுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். 50 மி.மீ. போருக்கு ஏறக்குறைய 0.15 முதல் 0.35 மி.மீ. இருக்கலாம், உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவே முடிவானது.

அல்சூரில் ஒரு தம்பி புதிதாகப் போர் போட்ட ஆர்எக்ஸை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். “அண்ணா, லேத்துல சரியாத்தான் போட்டிருக்காங்க, பிஸ்டனும் டைட்டா இருக்கு. ஆனா 75-ஐத் தாண்டல.” ஆயில் விட்டதும் 100-க்குப் போனது. ரிங்கைப் போருக்குள் விட்டு அளந்தால் கேப் முழுதாக 1 மி.மீ. பிஸ்டன் தலையில் 0.50 என்று இருக்கிறது, அதாவது மூல அளவைவிட அரை மி.மீ. பெரியது. ரிங் முனையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 25 என்று பொடி எழுத்து, அதாவது 0.25 மட்டும்தான் பெரியது. டப்பாவில் என்னவோ 50 என்றுதான் இருந்தது. கடையில் டப்பா மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த 1 மி.மீ. எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டத்தில் 0.25 குறைந்தால் சுற்றளவில் அதை 3.14-ஆல் பெருக்கிய அளவு குறையும், அதாவது 0.78. சரியான ரிங்கின் கேப் 0.25 என்றால் இதில் 1.03 வரும். அதனால் டப்பாவை நம்பாமல் ரிங்கில் உள்ள எண்ணையும் பிஸ்டனில் உள்ள எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். போர் கேஜ் இல்லாதவர்கள் போர் கூம்பாகிவிட்டதா என்று இதை வைத்தே பார்க்கலாம். ஒரே ரிங்கை எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு (சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் வாய்) மேலே ஓரிடத்திலும், போர்ட்டுகளுக்குக் கீழே ஓரிடத்திலும் வைத்து கேப்பை அளங்கள். மேலே 0.25, கீழே 0.55 என்றால் வித்தியாசம் 0.30, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏறக்குறைய 0.1 மி.மீ. வித்தியாசம். புதிதாகப் போர் போட்ட சிலிண்டரில் இது வரக்கூடாது. லேத்துக்கே எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிஸ்டனையும் கையோடு கொண்டு போங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கேற்ப போர் போடுவதுதான் முறை.

அடுத்து, ரிங் உட்காரும் விதம். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் பள்ளத்தில் ஒரு சின்னப் பின் இருக்கும். ரிங்கின் இரு முனையும் அந்தப் பின்னை அணைத்தபடி உட்கார வேண்டும். ரிங் சுற்றிப் போய் முனை போர்ட்டில் மாட்டாமல் இருக்கத்தான் அந்தப் பின். ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே. பிஸ்டனில் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். சிலிண்டரை இறக்கும்போது நேராக இறக்குங்கள், இடம் வலமாகத் திருப்பவே கூடாது. திருப்பினால் ரிங் முனை போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்து உடையும். போர் போட்ட பிறகு போர்ட் விளிம்புகள் கத்திபோல் நிற்கும். அவற்றை நைசான எண்ணெய்க் கல்லால் மழுக்கியிருக்கிறார்களா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, சிலிண்டருக்கு அடியில் உள்ள பேக்கிங். ஒழுகக் கூடாது என்று இரண்டு பேக்கிங் போடும் பழக்கம் உண்டு. அரை மி.மீ. உயர்ந்தாலே ஹெட்டுக்கு அடியில் ஏறக்குறைய 1 சிசி இடம் கூடிவிடும், போர்ட் திறக்கும் நேரமும் மாறும். ரிங் எவ்வளவு நல்லதானாலும் கம்ப்ரெஷன் குறையும். ஒன்று மட்டும் போடுங்கள்.

கேஜில் சரி, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா?

டூ-ஸ்ட்ரோக்கில் கம்ப்ரெஷன் இரண்டு இடத்தில் நடக்கிறது. பிஸ்டனுக்கு மேலே ஒன்று, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க்கேஸில் ஒன்று. கீழே அமுங்கும் பெட்ரோல்-காற்றுக் கலவைதான் மேலே ஏறுகிறது. நம் கேஜ் மேலே உள்ளதை மட்டும்தான் அளக்கும். மேக்னெட் பக்க ஆயில் சீல் போயிருந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை நீர்த்துப்போகும். ஸ்டார்ட் ஆனாலும் சூடேறி சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இன்ஜினை இறக்கிக் கட்டும்போது பழைய சீலையே மறுபடி போடுவது வீண் சிக்கனம்.

சோதிக்க, பழைய பிபி மெஷினின் ரப்பர் பல்பும் டயலும் போதும். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டர் வாயையும் அடையுங்கள். பிஸ்டனைக் கீழ்க்கோடியில் நிறுத்துங்கள். உள்பீங்கானை உடைத்தெடுத்த பழைய பிளக்கில் டியூபை மாட்டி, அதைத் திருகி, டயலில் 260 வரை ஊதுங்கள். அது 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம், சீல் பிதுங்கிவிடும். ஒரு நிமிடத்தில் முள் 50 புள்ளிக்கு மேல் (210-க்கும் கீழே) இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. மேக்னெட் சீல், அடி பேக்கிங், கிராங்க்கேஸ் இணைப்பு, ரீட் வால்வு பேக்கிங் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கியர் ஆயில் ஊற்றும் ஓட்டையில் குமிழ் வந்தால் கிளட்ச் பக்க சீல்.

எல்லாம் சரியானதும் ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் பத்து நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். அப்புறம் கம்ப்ரெஷனை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் சைடு கவரின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். 500 கி.மீ. ஓடி ரிங் படிந்ததும் மறுபடி அளங்கள். எண் சற்று ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இறங்கியிருந்தால், மறுபடி 1 மில்லி ஆயிலிலிருந்து தொடங்குங்கள்.