ஏஜென்ட் பாதியில் விட்ட வேலைக்கு ஒரு மிச்சக் கணக்கு

போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரக் கணக்குக்கு ஏஐ ஏஜென்டை (சொன்னால் தானே கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) வைத்து ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கான குறிப்பு இது.

ஒரு செஷன் (ஏஜென்டைத் திறந்து வேலை வாங்கி மூடும் ஓர் அமர்வு) முடிந்துவிட்டால் அடுத்து வரும் ஏஜென்ட் புது ஆள். முன்பு பேசியது எதுவும் அதற்குத் தெரியாது. ஒரே செஷனை இழுத்துக்கொண்டே போனாலும் தப்ப முடியாது. ஏஜென்ட் நினைவில் வைக்கிற அளவுக்கு வரம்பு உண்டு. அது நிரம்பும்போது பழைய பேச்சைச் சுருக்கிக்கொள்ளும். சுருக்கத்தில் என்ன செய்தோம் என்பது தங்கும், ஏன் செய்தோம் என்பது பெரும்பாலும் உதிர்ந்துபோகும்.

கேடு வருவது அங்கேதான். மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேடு, கட்டப்பனை விவசாயிகளின் பெயர் ஒரு பட்டியலில் மலையாளத்தில் இருக்கும், போடிப் பேரேட்டில் தமிழில் இருக்கும். பதிவு எண்ணைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று திங்கட்கிழமை சொல்லியிருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை வரும் ஏஜென்ட், எண் இல்லாத வரிகளைப் பார்த்ததும் உதவி செய்கிற நினைப்பில் பெயரை வைத்து ஒட்டிவிடும். ஒரே பெயருள்ள இரண்டு பேரின் மூட்டைக் கணக்கு ஒன்றாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ஆகவே புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ‘மிச்சம்’ என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு வையுங்கள். அதுவும் கிட்டில் (Git: கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ஒவ்வொரு பதிவும் ஒரு ‘கமிட்’) சேர்ந்திருக்க வேண்டும். கிளாட் கோட் என்ற ஏஜென்ட், தொடங்கும்போது கிளாட்.எம்டி (CLAUDE.md) கோப்பைத் தானாகப் படிக்கும்; கோடெக்ஸ் என்ற ஏஜென்ட் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) கோப்பைப் படிக்கும். தானாகப் படிக்கும் அந்தக் கோப்பில் இரண்டே வரி போதும்: ‘வேலை தொடங்கும் முன் மிச்சம் கோப்பைப் படி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதைத் திருத்து.’ மிச்சப் பட்டியல் முழுவதையும் அங்கே கொட்டாதீர்கள். ஒவ்வொரு செஷனிலும் அது இடத்தை அடைக்கும்.

மிச்சம் கோப்பில் ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

வேலை 07: விவசாயிப் பட்டியல் இரண்டையும் சேர்த்தல்
நிலை: தடை
ஆனது: 412 வரியில் 401 சேர்ந்தது, கமிட் 4910627
மிச்சம்: பதிவு எண் இல்லாத 11 வரி, தனிக் கோப்பில் இருக்கிறது
எதனால் நிற்கிறது: 11 பேரின் எண்ணை முதலாளி கேட்டுத் தர வேண்டும்
முடிவு: பெயரை வைத்து ஒட்டாதே, ஒரே பெயரில் இருவர் உண்டு
பார்த்துப் பலிக்காதது: மலையாளப் பெயரைத் தமிழ் எழுத்தில் மாற்றி ஒப்பிடுதல். தமிழின் ஒரு ‘க’வுக்கு அங்கே நான்கு எழுத்து
சோதனை: சரிபார்ப்பு ஸ்கிரிப்டை ஓட்டினால் 401 + 11 = 412 வர வேண்டும்
அடுத்த அடி: எண் வந்ததும் தனிக் கோப்பில் நிரப்பிச் சோதனையை மறுபடி ஓட்டு

இதில் ‘பார்த்துப் பலிக்காதது’ என்ற வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதிக நேரத்தை மிச்சம் பிடிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு புது ஏஜென்டும் அதே சந்துக்குள் போய் முட்டிவிட்டுத் திரும்பும்.

நிலைக்கு நான்கு சொல் போதும்: தொடங்கவில்லை, பாதி, தடை, முடிந்தது. கோடு எழுதியவுடனே ஏஜென்ட் ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். சோதனையை ஓட்டி, வந்த எண்ணைப் பதிவிலேயே ஒட்டிய பிறகுதான் அந்தச் சொல்லை அனுமதியுங்கள்.

செஷன் தொடக்கத்தில் ஏஜென்ட் செய்ய வேண்டியவற்றின் வரிசை: மிச்சம் கோப்பைப் படிப்பது, கிட் ஸ்டேட்டஸ் (கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறதா என்று காட்டும் கட்டளை), கடைசிப் பத்து கமிட்டைப் பார்ப்பது, கடைசியாக முடிந்த வேலையின் சோதனையை ஓட்டுவது. சோதனை விழுந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தேறினால் ஒரே ஒரு வேலையை எடுக்கலாம்.

கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கடைசி எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியாது, ஏஜென்டுக்கும் தெரியாது. கோடும் மிச்சம் கோப்பும் ஒரே கமிட்டில் போகட்டும். தனித்தனியாகப் போனால் இரண்டும் வேறு வேறு சொல்லும். அரைகுறை வேலையையும் தனி பிராஞ்ச்சில் (மூலக் கோட்டைத் தொடாமல் கிட்டில் தனியாக ஓடும் கிளை) கமிட் செய்துவிடுங்கள். கமிட் ஆகாமல் கிடக்கும் மாற்றத்தை அடுத்த ஏஜென்ட் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் கிட்டிலும் அதைத் தேடி எடுக்க முடியாது.

இரண்டு செஷன் ஒரே நேரத்தில் ஓடினால், எடுத்த வேலையின் பதிவில் ‘எடுத்தது’ என்று பிராஞ்ச் பெயரும் நேரமும் சேருங்கள். ஆளுக்கொரு கிட் வொர்க்ட்ரீ (அதே புராஜெக்டுக்குத் தனி வேலை ஃபோல்டர்) கொடுங்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டையும் விட்டால் ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதும். எடுத்தபடி நின்றுபோன வேலை என்றால், அந்த பிராஞ்ச்சில் கமிட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ‘எடுத்தது’ குறியை நீங்களே நீக்குங்கள். ஏஜென்டிடம் விடாதீர்கள்.

‘நேற்று’, ‘அந்த ஃபைல்’, ‘மேலே சொன்னபடி’ போன்ற சொற்கள் கோப்பில் வரக் கூடாது. தேதியும் முழுப் பெயரும் வேண்டும். முடிந்த வேலைகளை வாரம் ஒருமுறை பழைய கோப்புக்கு மாற்றுங்கள். இன்னும் செல்லுபடியாகும் ‘முடிவு’ வரிகளை மட்டும் இங்கேயே விட்டுவையுங்கள்.

கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புது செஷன் திறந்து, வேறு எதுவும் சொல்லாமல், ‘அடுத்து என்ன செய்வாய், எதைச் செய்ய மாட்டாய்?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலில் அந்த 11 வரியும், பெயரை வைத்து ஒட்டக்கூடாது என்பதும் வரவில்லை என்றால், வேலையைத் தொடங்க விடாமல் கோப்பைத் திருத்துங்கள்.