அழுகிய முருங்கைக்காயை எங்கே பதிவது? சாஃப்ட்வேர் டெமோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு காய்கறி மொத்த வியாபாரிக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் காட்டப் போயிருந்தேன். லாகின், டாஷ்போர்டு, வண்ண வண்ணமாக வரைபடம், யூசர் செட்டிங்ஸ் என்று முக்கால் மணி நேரம் ஓட்டினேன். முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதுவரை வாய் திறக்காத கணக்குப் பார்க்கும் அக்கா கடைசியில் கேட்டார்: "தம்பி, முருங்கைக்காய் பத்துப் பெட்டி வந்து, ரெண்டு பெட்டி அழுகிப் போச்சுன்னா இதுல எங்க போடுறது?"

வழி இருந்தது, மூன்று மெனுவுக்கு அடியில். நான் துழாவிக் கண்டுபிடிப்பதற்குள் முதலாளி போனைக் காதில் வைத்தபடி எழுந்து போய்விட்டார். ஆர்டரும் அவரோடு போயிற்று.

மென்பொருள் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அதே வரிசையில் அதைக் காட்டியதுதான் நான் செய்த தவறு. பார்க்க வருகிறவருக்கு இருப்பது ஒன்றிரண்டு தலைவலி. முதல் நாளே போன் போட்டு, "மாதக் கடைசியில் எந்த வேலை உங்களை ராத்திரி வரை உட்கார வைக்கிறது?" என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போது காய்கறிக் கடை என்றால் அழுகிய பெட்டியில்தான் தொடங்குகிறேன். பத்துப் பெட்டி வரவு, இரண்டு கழிவு, சப்ளையரிடம் கேட்க வேண்டிய கிரெடிட் நோட் (அழுகியதற்கான தொகையைக் கழித்துத் தரும் சீட்டு), மீதி எட்டும் கிலோக் கணக்கில் ஸ்டாக்கில். நாலு நிமிடம் ஆகும். அப்புறம் மௌஸை அக்காவிடமே கொடுத்துவிடுவேன். அவர் தடுமாறும் இடத்தில் பாய்ந்து பிடுங்கக் கூடாது. எனக்குக் கை பரபரக்கும், இருந்தாலும். டாஷ்போர்டைக் கேட்டால் காட்டலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது மாதிரித் தரவு. 'டெஸ்ட் கஸ்டமர் 1' என்று இருந்தால்கூடப் பரவாயில்லை, பழைய ஜிஎஸ்டி இருக்கக் கூடாது. 2023இல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9. இன்வாய்ஸில் 8 என்று தெரிந்தால் கணக்குப் பார்ப்பவரின் கண் அதைவிட்டு நகராது, நீங்கள் என்ன பேசினாலும். சம்பள மென்பொருளில் இன்னும் மோசம். மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தம் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் ஓடும் பேஸ்லிப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒர்க் பர்மிட்டில் வந்த வெளிநாட்டு ஊழியருக்கு மசேநியே கிடையாது. அவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டுவது லெவி என்ற தீர்வை. 55 வயதைத் தாண்டிய சிங்கப்பூரருக்கு விகிதம் குறைகிறது. 57 வயது அண்ணன் ஒருவர், பர்மிட்டில் வந்த தம்பி ஒருவர், மாதப் பாதியில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் என மூன்று பேரை மாதிரியில் வைத்தால் போதும். விற்க வந்தவருக்கு ஊர் நடப்பு தெரியும் என்று புரிந்துவிடும்.

மாதிரி செய்யச் சோம்பல்பட்டு இன்னொரு வாடிக்கையாளரின் நிஜக் கணக்கைத் திறந்து காட்டுகிறவர்களும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், அடுத்தவர் ஊழியரின் அடையாள அட்டை எண்ணையும் சம்பளத்தையும் திரையில் பார்க்கும் முதலாளி, "நாளைக்கு என் கணக்கும் இப்படித்தான் ஊர் சுற்றும்" என்றுதான் நினைப்பார்.

வைஃபை, சார்ஜர், திரையில் எட்டிப் பார்க்கும் வாட்ஸ்ஆப் செய்தி இதெல்லாம் உங்களுக்கே தெரியும். போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். நடுவில் எரர் வந்தால் பத்து முறை மன்னிப்புக் கேட்க வேண்டாம். 1998இல் விண்டோஸ் 98ஐ மேடையில் காட்டியபோது பில் கேட்ஸ் முன்னாலேயே நீலத் திரை வந்தது. அவர் சிரித்துச் சமாளித்தார். விண்டோஸ் 98 அதற்குப் பிறகும் வெளிவந்து விற்றது.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு: எதைக் கேட்டாலும் 'கேன், கேன்' (முடியும், முடியும்) என்பது. அதில் ஆபத்தானது மானியப் பேச்சு. இப்படி மென்பொருள் வாங்கும் நிறுவனங்களுக்கு அரசு தரும் பிஎஸ்ஜி மானியம் முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வுகளுக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலோ முன்பணம் கொடுத்தாலோ அதுவும் போச்சு. "இன்றைக்கே சைன் பண்ணுங்கள், மானியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவசரப்படுத்தினால் பாதிச் செலவு வரை அவர் தலையில் விழலாம். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உங்களுக்கு யார் கதவைத் திறப்பார்?

டெமோ முடிந்த இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன்: கேட்ட கேள்விகள், எது இருக்கிறது, எது இல்லை. 'இல்லை'யை மேலே எழுதுவேன். அதைப் பார்த்து அச்சக முதலாளி ஒருவர் மறுநாளே கூப்பிட்டார். நான் இல்லை என்று எழுதிய வசதி அவருக்குத் தேவையே இல்லையாம்; எனக்கு முன்னால் வந்தவர் 'கேன்' என்று சொல்லி அதற்கு ஆயிரத்து இருநூறு வெள்ளி கூடுதலாகக் கேட்டிருந்தாராம்.