மிஷனுக்குப் போன மகனோடு தொடர்பில் இருக்க: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியே மார்மன் சபை என்று அறியப்படுகிற பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், 18 வயதான பையன்கள் இரண்டு வருஷம் மிஷன் ஊழியத்துக்கு, அதாவது வீட்டை விட்டு வேறு ஊரிலோ நாட்டிலோ தங்கிச் சபையின் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும் ஊழியத்துக்குப் போகலாம். மதுரைப் பக்கம் இந்தச் சபைக் குடும்பங்கள் மிகக் குறைவு. தெருவில் விசாரிக்கிறவர்களுக்கு, பையன் படிப்பை நிறுத்திவிட்டு எங்கே போனான் என்பதே புரிவதில்லை. பெற்றோருக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. என் மூத்த மகன் ஊழியம் முடித்து வந்துவிட்டான், இளையவன் இப்போதுதான் போயிருக்கிறான். புதிதாகப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் அடிக்கடி பார்க்கிற சில தவறுகளைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தவறு, பழைய விதியை நம்பி உட்கார்ந்திருப்பது. முன்பு வாரம் ஒரு மெயில், வருஷத்தில் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் ஒரு போன், அவ்வளவுதான். 2019 பிப்ரவரி 15 அன்று சபை அதை மாற்றியது. இப்போது ஊழியக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள், பி-டே என்று அவர்கள் சொல்கிற ஆயத்த நாளில், வீட்டோடு போனிலோ வீடியோவிலோ பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். பெற்றோர் பிறந்தநாள், பண்டிகை போன்ற விசேஷ நாட்களிலும் தொடர்புகொள்ளலாம். இது தெரியாமல், பேசினால் பையனுக்கு ஏதாவது சிக்கல் வந்துவிடுமோ என்று பயப்படுகிற அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு நேர் எதிராக, அனுமதிதான் இருக்கிறதே என்று புதன்கிழமை மத்தியானம் போன் போடுகிறவர்களும் உண்டு. கூப்பிட வேண்டியது ஊழியக்காரர்தான், அதுவும் அவருடைய பி-டேயில், இரு பக்கமும் ஒத்துவருகிற நேரத்தில்.

பி-டே பெரும்பாலும் திங்கட்கிழமை. அது முழு விடுமுறை இல்லை. துணி துவைப்பது, முடி வெட்டுவது, வாரத்துக்கான சாமான் வாங்குவது, அறையைச் சுத்தம் செய்வது, மெயில் எழுதுவது எல்லாம் அந்தப் பகலுக்குள் முடிய வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊழியம் மறுபடி தொடங்கிவிடும். அதனால் ஒரு வாரம் கால் வரவில்லை என்றால் உள்ளூர்ச் சபையை நடத்துகிற பிராஞ்ச் பிரெசிடென்டுக்குப் போன் போட்டுக் கலங்க வேண்டாம். எல்லா வாரமும் எல்லாரும் கூப்பிடுவார்கள் என்று சபையும் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம் என்பதை ஊழியக்காரரே முடிவு செய்யலாம்.

வெளிநாட்டு மிஷன் என்றால் நேரக் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை பத்து மணி என்றால், பிலிப்பைன்ஸிலிருந்து வரும் கால் நமக்குக் காலை ஏழரைக்கு வரும். இங்கிலாந்திலிருந்து மத்தியானம் மூன்றரைக்கு வரும், கோடையில் இரண்டரைக்கு. அமெரிக்காவில் யூட்டா என்றால் இரவு பத்தரைக்கு, கோடையில் ஒன்பதரைக்கு. மார்ச் மாதமும் இலையுதிர்காலத்திலும் அங்கே கடிகாரத்தை மாற்றும் வாரங்களில்தான் பல வீடுகளில் கால் தவறுகிறது.

சரி, கால் வந்துவிட்டது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பையன் முகம் திரையில் தெரிந்ததும் அப்பத்தா, சித்தப்பா, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று ஒரு கூட்டமே கூடிவிடுகிறது. போன் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஆளாளுக்கு அதே மூன்று கேள்வி: “சாப்டியாய்யா? ஏன் இப்படி இளைச்சுட்ட? எப்ப வருவ?” அவனும் சிரித்துச் சிரித்து அதே பதிலைச் சொல்கிறான். நேரம் முடிந்துவிடுகிறது. அந்த வாரம் முழுக்க மனதில் வைத்திருந்த ஒரு விஷயம் வாய்வரை வந்து அப்படியே திரும்பிப் போயிருக்கும். சொந்தங்களைத் தடுக்க வேண்டியதில்லை. முதல் பத்து நிமிஷம் எல்லாருக்கும், அப்புறம் போன் அம்மா அப்பாவிடம் மட்டும் என்று ஒரு பழக்கத்தை முதல் மாதத்திலேயே வைத்துவிடுங்கள். அப்பத்தாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. அவன் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்டுக்கொள்வான்.

இன்னொன்று, எங்கள் ஊர் அப்பாக்களுக்கு. “நல்லாருக்கியா, பணம் இருக்கா, இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன்” என்று பத்து விநாடியில் முடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. இந்த இரண்டு வருஷத்தில் பையன் பெரிய மனிதனாகிறான். அப்பா என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஏங்குகிறான். பேச வரவில்லை என்றால் எழுதுங்கள். பத்து வரி போதும். கடையில் நடந்தது, வயலில் தண்ணீர் எப்படி, உங்களுக்கு அவன் வயது இருந்தபோது எதற்குப் பயந்தீர்கள், இப்படி எதையாவது எழுதுங்கள். அவன் பதில் எழுதாத வாரத்திலும் எழுதுங்கள்.

கேள்விகளைப் பற்றி. “எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் ஆச்சு?” என்ற கேள்வியை வீட்டிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. காலை ஆறரைக்கு எழுந்து, வெயிலில் நடந்து, பல வீடுகளில் “வேண்டாம்” என்ற பதிலைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனிடம் கணக்கு கேட்டால், கணக்கு குறைந்த வாரத்தில் கூப்பிடவே தயங்குவான். “இந்த வாரம் யாரோட பேசினது மனசுல நின்னுச்சு? ரெண்டு பேருல யாரு சமைச்சது? எது கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். ஏக்கத்தைத் தூண்டும் பேச்சும் வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே கூடியது, ஆனையூர் மாமா வந்து உன்னைக் கேட்டார் என்று செய்தியாகச் சொல்லுங்கள், ரசித்துக் கேட்பான். நீ இல்லாமல் வீடே வீடாக இல்லை என்று அழுதால் அடுத்த மூன்று நாள் அவனால் வேலை பார்க்க முடியாது.

ஊழியக்காரர்கள் எப்போதும் இருவராகவே இருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பானியன் பக்கத்திலேயே இருப்பார். “அவனைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு” என்று கேட்பது பையனைத் தர்மசங்கடத்தில் விடும். அந்தப் பையனையும் பேர் சொல்லி விசாரியுங்கள், அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். தனியாகச் சொல்ல வேண்டியதை மெயிலில் எழுதுங்கள்.

கெட்ட செய்தி விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வழக்கம் மறைப்பது. தாத்தா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், “புள்ள கவலைப்படும், சொல்லாதீங்க” என்று வீடே சேர்ந்து சிரித்த முகத்தோடு கால் பேசும். பிறகு யாரோ ஒரு தம்பி வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாலை போட்ட படத்தைப் பையன் பார்க்கிறான். அதற்கப்புறம் நீங்கள் எல்லாரும் நலம் என்று சொல்லும் ஒவ்வொரு வாரமும் அவன் நம்பாமல் தவிப்பான். மறுபக்கம், பங்காளிச் சண்டை, சீட்டுப் பணம் வராதது, தங்கைக்குப் பார்த்த வரன் தட்டிப்போனது என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கொட்டுகிற வீடுகள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: திரும்பி வந்து தெரிந்துகொண்டால் “ஏன் சொல்லலை?” என்று காயப்படுவானா? அப்படியென்றால் இப்போதே சொல்லுங்கள். வெறும் கவலையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாத விஷயம் என்றால் விட்டுவிடுங்கள்.

மரணம், விபத்து, பெரிய ஆபரேஷன் போன்ற அவசரத்துக்குப் பி-டே வரை காத்திருக்க வேண்டாம். முதலில் அவன் ஊழியம் செய்யும் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் பிரெசிடென்டைக் கூப்பிடுங்கள். அவர் பையனுக்குத் துணையாக இருந்து செய்தியைச் சொல்லவும், உடனே வீட்டோடு பேசவும் வழி செய்வார். பெங்களூரு மிஷனோ டெல்லி மிஷனோ வெளிநாடோ, அந்த அலுவலக எண் அம்மா, அப்பா இருவர் போனிலும், நம்பிக்கையான இன்னொரு சொந்தக்காரர் போனிலும் இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயத்தை அவன் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். குடும்பத்தில் சாவு நேர்ந்தால் ஊழியக்காரர்கள் பெரும்பாலும் திரும்பி வராமல் அங்கேயே தொடர்கிறார்கள். வருவதா வேண்டாமா என்பது பிரெசிடென்டோடு கலந்து எடுக்கும் முடிவு. சபைக்கு வெளியே இருக்கும் நம் பங்காளிகளுக்கு இது விளங்காது. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய மூத்த பேரன் வரவில்லை என்றால் கேத வீட்டிலேயே சண்டை வரும். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.

அடுத்தது, பையன் சோர்ந்து பேசும்போது பெற்றோர் பதறுவது. ஊழியக்காரர்களுக்கு சபை தரும் ஒரு சிறு கையேடு, மன அழுத்தத்தை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பச்சையில் தெம்பாக இருப்பார்கள், மஞ்சளில் பதற்றம், ஆரஞ்சில் களைப்பும் வேதனையும், சிவப்பில் முற்றிலும் ஓய்ந்துபோன நிலை. முதல் சில வாரங்களில் மஞ்சள் சகஜம். அப்போது உபதேசம் வேண்டாம், “ஆமாப்பா, கஷ்டந்தான்” என்று கேட்டுக்கொண்டாலே பாதி இறங்கிவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தினமும் அழுகை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவை வந்தால் அன்றே பிரெசிடென்டிடம் சொல்லிவிடுங்கள். ஜெபம் பண்ணு சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஜெபமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும். இந்தியாவுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

“முடிக்காம வந்தா என் முகத்துல முழிக்காத” என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் சீக்கிரம் திரும்பி வருகிறவர்கள் உண்டு, அதில் எந்த அவமானமும் இல்லை. வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை மிஷனும் இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்ற கவலையை அவன் காதுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது பெற்றோரின் வேலை.

அவன் அனுப்பும் போட்டோக்களை அப்படியே சொந்தக்காரர் குரூப்பிலும் பேஸ்புக்கிலும் போடாதீர்கள். அவன் சந்திக்கிறவர்களின் முகம், வீடு, தெரு அதில் இருக்கும். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் மதமாற்றம் குறித்து 2021-இல் கடுமையான சட்டங்கள் வந்திருக்கின்றன. நீங்கள் பெருமையாகப் போட்ட ஒரு படம் யாருக்காவது தொல்லையாகலாம். அவன் மட்டும் இருக்கும் படம், ஊர் பெயர் இல்லாமல், அதுவும் அவனைக் கேட்டுவிட்டு.

பார்சல் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான மிஷன்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும், இடமோ கம்பானியனோ மாறலாம். வெளிநாடு என்றால் மிஷன் அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். இறைச்சி, கருவாடு வகைகளைப் பல நாட்டுச் சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஊறுகாய் எண்ணெய் கசிந்தால் உள்ளே இருக்கும் சட்டையும் போகும். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, முறுக்கு பத்திரமாகப் போய்ச் சேரும். காப்பித்தூளும் டீத்தூளும் சபையில் விலக்கு. ஆசையாக வாங்கிவரும் அத்தைக்கு அதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு தவறு தலைகாட்டும். வேலை விளம்பரம், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு, பெண் வீட்டார் விசாரித்த கதை எல்லாம் மெசேஜாகப் போக ஆரம்பிக்கும். அவன் உடம்பு அங்கே, மனசு இங்கே என்று ஆகிவிடும். அவற்றை அவன் ஊர் திரும்பிய பிறகு பேசலாம். கல்லூரி சேர்க்கை மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கடைசித் தேதி இருக்கிறது. என்னென்ன சான்றிதழ் வேண்டும், எதில் அவன் கையெழுத்து வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை ஒரே மெயிலில் எழுதி ஒரு பி-டேயில் அனுப்பிவிடுங்கள். அவன் பதில் வந்ததும் மீதி அலைச்சலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.